கடையில் வரும் கணக்கு, நோட்டில் ஏன் வரவில்லை?

கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்குக் கணக்குப் பரீட்சையில் 45-க்கு 42 மார்க். கூடப் படித்த நண்பனுக்கு 43. ஒரே ஒரு மார்க்தான் வித்தியாசம். ஆனாலும் அந்த நண்பனோடு பேசமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் சிறுவன். மற்ற பாடங்களில் எல்லாம் நீதானே அதிகம் வாங்கியிருக்கிறாய் என்று நண்பன் சமாதானம் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. கணக்கில் தான்தான் எப்போதும் முதல் என்று ஊருக்கே தெரியும்போது இப்படி ஆகலாமா என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டான்.

அந்தச் சிறுவன் சீனிவாச ராமானுஜன். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வரும் சம்பவம் இது. கணித மேதைக்கே ஒரு மார்க் இவ்வளவு வலித்தது என்றால், இரண்டாம் வகுப்பு நோட்டில் ஐந்து கணக்குக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பெரும்பாலான பிள்ளைகள் அழுவதுகூட இல்லை. மெதுவாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: 'எனக்குக் கணக்கு வராது.' எட்டு வயதில் எடுத்த இந்த முடிவு, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பது வரைக்கும் கூடவே வருகிறது. வீட்டில் இருப்பவர்களும் அதையே வழிமொழிகிறார்கள். "எங்க வம்சத்துக்கே கணக்கு ஏறாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அப்பாக்கள் எத்தனை பேர்!

உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராதா?

ஐம்பதோடு ரெண்டு ரூபாய்

பாபநாசம், நீடாமங்கலம், ஒரத்தநாடு என்று டெல்டாவின் எந்த ஊர் மளிகைக் கடையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. சாமான் 27 ரூபாய். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. "ரெண்டு ரூபாய் இருக்கா பாப்பா?" என்று கேட்பார். மூன்றாம் வகுப்புப் பெண் டப்பென்று இரண்டு ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, 25 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு ரூபாய் குறைந்தாலும் விடமாட்டாள்.

அதே பெண்ணிடம் நோட்டில் 52 − 27 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கொடுங்கள். 35 என்று எழுதி நீட்ட நிறைய வாய்ப்பு உண்டு. 2-லிருந்து 7 போகாது. ஆகவே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. பிறகு 5-லிருந்து 2 போனால் 3. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்துச் சலித்த தவறு இது. ஆனால் இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று முதல் வகுப்பில் சொன்னதை அப்படியே நம்பி, ஒவ்வொரு வரிசையிலும் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். கடையில் அவள் செய்தது வேறு வழி. 27-க்கு மூன்று போட்டால் 30, இன்னும் இருபது போட்டால் 50, மேலே ரெண்டு. ஆக 25. அவள் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டு போனாள். இரண்டுக்கும் நடுவே பாலம் கிடையாது. நோட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில், தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 1985-ல் வெளிவந்தது. வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டபோது 98 சதவிகிதம் சரியான விடை. அதே எண்களைக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாக நோட்டில் கொடுத்தபோது 37! அதில் தேங்காய் விற்கும் ஒரு பையன் வருகிறான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காய் 35, பத்துக் காய் எவ்வளவு? பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு சைபர் என்பது பள்ளிக்கூட வழி. அவனோ மூன்று காய் 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210, இன்னொரு மூன்று 315, மிச்சம் ஒன்று என்று ஏறி 350-க்கு வந்து சேர்ந்தான்.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கணக்கையும் வாயால் போட்டார்கள், தாளில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்கு நேர்மாறாக இருந்தது. தாளில் போட்டதைச் சந்தையில் போட முடியவில்லை. நூறு மார்க் வாங்கும் பிள்ளையின் பெற்றோரும் யோசிக்கவேண்டிய விஷயம்தான்.

நெல்லில் தொடங்கிய வாய்ப்பாடு

காவிரிப் படுகையில் ஒரு காலத்தில் இந்தப் பாலம் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படித்த பாடங்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. பொன்னிலக்கம் எண்ணும் பின்னமும். குழிமாற்று நிலத்தின் பரப்பு. நெல்லிலக்கம் தொடங்குவதே நெல்மணியில்தான். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாசலில் அளக்கும் படியும் மரக்காலும் பாடத்திலும் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றாசிரியர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பள்ளிகளின் மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளை மனப்பாடம் அல்ல, கணக்குப் போடுவதற்கான கருவியாகவே நினைவைப் பழக்கினார்கள் என்கிறார்.

பின்னம் என்றாலே இன்றைய நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிலி. நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் எட்டு என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். எட்டுதானே பெரிய எண்! இதையே தமிழில் கேட்டுப் பாருங்கள். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா? காலில் பாதிதான் அரைக்கால் என்று பெயரே சொல்லிவிடுகிறது. தஞ்சைப் பக்கம் இன்றும் நிலத்தை மா கணக்கில்தான் சொல்கிறார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. 'மா' என்ற சொல்லுக்குப் பின்ன வாய்ப்பாட்டில் பொருளே இருபதில் ஒன்று என்பதுதான். 'நமக்கு ரெண்டு மா இருக்கு' என்று சொல்லும் தாத்தா, தெரிந்தோ தெரியாமலோ பின்னம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அதற்காகப் பழைய பள்ளிக்கூடத்தைத் தூக்கிக் கொண்டாடிவிட வேண்டாம். பிரம்படியும், உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் அங்கேதான் இருந்தன. வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. அதன் விலையை அவர்கள் கூலியில் கொடுத்தார்கள். கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலம்; எந்த மரக்கால், எத்தனை மரக்கால் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது. கீழத் தஞ்சையில் 1940-களில் விவசாயத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. கணக்கு என்பது மார்க் ஷீட்டில் ஒரு வரி மட்டும் அல்ல என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா காலத்தில் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. அப்போது மொழியைவிடக் கணக்கில்தான் பிள்ளைகள் அதிகம் பின்தங்கினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. கதைப் புத்தகமும் பேச்சும் வீட்டில் இருந்தன, கணக்கு இல்லை. நல்ல செய்தியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் வந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் வசிக்கும் பெண்கள். ஆச்சரியமான வித்தை எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இன்னொரு உருப்படியான வேலையைச் செய்தது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கான பயிற்சி கொடுத்தது. மூன்றாம் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காக, இரண்டு இலக்கக் கூட்டலே பிடிபடாதவனிடம் மூன்று இலக்கக் கழித்தலைத் திணிப்பதில் பிரயோஜனம் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். டியூஷனில் பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிரானதுதான். மறுநாள் ஹோம்வொர்க்கை முடித்து அனுப்புவதே அங்கே லட்சியம். அஸ்திவாரத்தில் எந்தச் செங்கல் இல்லை என்று பார்க்க நேரமில்லை.

பல நேரம் அந்தச் செங்கல் எண்ணின் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் தெளிவானவை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒழுங்காக வந்து, அடுத்தது திடீரென்று தொண்ணூறு. நூறே வராதபோது பெயரில் 'நூறு' வந்துவிட்டது! எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். ஆயிரம் வருமுன் பெயரில் 'ஆயிரம்'. பிள்ளை தடுமாறினால் அது மக்கு என்பதால் அல்ல, காதில் விழுந்ததை நம்புவதால். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் அப்படித்தான். 100 எழுதி, பக்கத்தில் 5 எழுதிவிட்டது. இங்கிலீஷ் மீடியப் பிள்ளைக்கு வேறு சங்கடம். தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் ஒன்றுபோல விழும். போதாததற்கு, அப்பாயி எழுபத்தொன்பது என்றால் பேரனுக்கு அது செவன்டி நைன் என்று தெரியாது. இரண்டு மொழியிலும் எண்ணச் சொல்லிப் பழக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

பத்துக்குப் பத்தாகக் கட்டிக் காட்டினால் மீதியும் தீரும். விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. இதிலிருந்து 27-ஐ எடு என்று சொல்லுங்கள். உதிரி போதாது, ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். பிள்ளை தன் கையால் ரப்பர் பேண்டைக் கழற்றிய பிறகு அந்தக் கடன் மறக்காது. கடைசியில் 25 குச்சி மிஞ்சும்போது, நோட்டில் எழுதிய 35-ஐயும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: "கடைக்காரர் முப்பத்தஞ்சு கொடுத்திருந்தா யாருக்கு நஷ்டம்?" தவறைக் கண்டுபிடிக்கும் வேலையை அவளிடமே விடுங்கள்.

"எப்படிப் போட்டே?"

வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவினால், பிள்ளை அந்த ஆண்டு குறைவாகக் கற்கிறது, பயமும் கூடுகிறது. அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2015-ல் வெளிவந்த ஆய்வின் முடிவு இது. உதவியே செய்யாதீர்கள் என்று அர்த்தமில்லை. பதற்றத்தோடு உட்காராதீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சமையல் பாதியில் நிற்க, ஒரு கையில் கரண்டியோடு "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தால் நன்மையைவிடத் தீமை அதிகம்.

அதற்குப் பதிலாக, விடை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் ஒரே கேள்வி: "எப்படிப் போட்டே, சொல்லு." சரியான விடைக்கும் இதைக் கேட்பது முக்கியம், இல்லையென்றால், இந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

வாய்ப்பாடு வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வகுத்தலில் ஒவ்வொரு படியும் மலையேற்றம். ஆனால் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வதும், கடிகாரத்தை வைத்து மிரட்டுவதும் பயத்தை மட்டுமே மனப்பாடம் செய்யவைக்கும். ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்திலிருந்து எடுக்கலாம்: ஏழு பத்து எழுபது, அதில் ஏழு போனால் 63. மறந்தாலும் திரும்பிவர வழி தெரிந்த பிள்ளை பயப்படுவதில்லை.

தினமும் பத்து நிமிடம் போதும், அதுவும் நோட்டை எடுக்காமலே. பரணில் இருக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எத்தனை? கையில் எட்டுக் கொட்டை எடுத்தால் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும்? போடுவதற்கு முன்பே சொல்ல முயலும் பிள்ளை, எண்ணாமலே கூட்டப் பழகுகிறது. நாலு சேர்ந்தால் 'பசு' என்று தாவி எடுப்பவள், நாலை எண்ணாமல் பார்த்தவுடன் அடையாளம் காண்கிறாள். அம்மாயி எதிரில் உட்கார்ந்தால் இன்னும் விசேஷம். அவர் ஜெயிக்கத்தான் ஆடுவார், விட்டுக்கொடுக்க மாட்டார்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே ஒரு பாடப்புத்தகம் என்று காட்டியவர் பி.கே. சீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்தவர். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைய உழைத்தவர். காலண்டரை வைத்து விளையாடும் கணக்குகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஏதாவது ஒரு மாதத்தில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். அத்தனையையும் கூட்டினால் வருவது, நடுவில் உள்ள தேதியைப் போல ஒன்பது மடங்கு. நடுவில் 10 என்றால் 90. 'நீ கட்டம் கட்டு, நான் கூட்டாமலே சொல்றேன்' என்று பிள்ளை சித்தப்பாவிடம் பந்தயம் கட்டும்போது, ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தானே தேடிப் படிக்கும்.

மார்கழி வந்தால் கோலம். நடுவில் ஏழு புள்ளி, இடைப்புள்ளியாக இரண்டு பக்கமும் நாலு வரை குறைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? வைத்து எண்ணலாம், வைக்காமலும் சொல்லலாம். விடை 37. கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும் நாளில் வேறு கணக்கு: ஒரு சிப்பம் 40 கிலோ, அப்படியானால் 25 சிப்பம் எத்தனை குவிண்டால்?

இவ்வளவு பழகியும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் 7 பெரிதா 9 பெரிதா என்பதில் தடுமாற்றம் நீடித்தால், முதலில் கண் பார்வையைச் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் 'மக்கு' பட்டம் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணில் கோளாறு இல்லையென்றால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் சிரமமாக இருக்கலாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டலாம். சோம்பேறித்தனம் என்று அடிப்பதால் அது போகாது.

கடைசியாக ஒரு பலாப்பழக் கணக்கு. பொன்னி நாட்டுக் கொறுக்கையூர் காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரத்தில் இருப்பது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கும் நூல். பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அதில் வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் ஐம்பது என்றால் 300. அதை ஐந்தால் வகுத்தால் அறுபது சுளை. அடுத்த முறை வீட்டுக்குப் பலாப்பழம் வரும்போது, கையில் நல்லெண்ணெய் தடவுவதற்கு முன்னால், பிள்ளையிடம் முள்ளை எண்ணி விடையை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு அறுத்து, சுளையை எண்ணிச் சீட்டைப் பிரிக்கலாம். அநேகமாக ஒத்துப்போகாது. எத்தனை சுளை வித்தியாசம், கூடுதலா குறைவா, அடுத்த பழத்திலும் அப்படித்தானா என்று அவர்களே எழுதி வைக்கட்டும். பழைய நூலின் கணக்கைத் திருத்தும் வேலை, இப்போது நாலாம் வகுப்புப் பிள்ளையின் கையில்.